பற்றை வளர்ந்த காணியும் வேடரின் காடும்

பல வருடங்களுக்குப் பின்னர் சொந்தக் காணிக்குத் திரும்பியவர்கள் அங்கே எதைக் கண்டார்கள் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வீடு இருந்த இடத்தில் நாயுண்ணிப் பற்றை. வளவு முழுவதும் ஈச்சை. வயல் வரம்பு எது, வாய்க்கால் எது என்று அடையாளம் காணமுடியாதபடி உடையும் வேம்பும் முளைத்து நிற்கின்றன. பற்றையையாவது வெட்டித் துப்புரவாக்கலாம். ஆனால் கத்தியோடும் மண்வெட்டியோடும் சென்ற சிலருக்கு அங்கே எல்லைக்கல் ஒன்று காத்திருந்தது. இது வனவளத் திணைக்களத்துக்குரிய காடு, மரம் வெட்டினால் வழக்கு என்றார்கள். அகதி முகாமில் பெட்டியின் அடியில் வைத்துக் காப்பாற்றிய அனுமதிப்பத்திரத்தை எடுத்துக் காட்டியபோது, வர்த்தமானியில் வந்துவிட்டது, இனி எம்மால் ஒன்றும் செய்ய இயலாது என்று பதில் கிடைத்தது.

காட்டைக் காப்பதற்காக மனிதரை வெளியேற்றும் இந்த வழக்கம் எம்மோடு தொடங்கியதல்ல. இந்நாட்டில் அதை முதலிலும் முழுமையாகவும் அனுபவித்தவர்கள் வேடர்கள். காலநிலை மாற்றத்தின் பெயரால் காடுகளுக்கு விலையும் கணக்கும் பேசப்படும் இந்நாட்களில் அவர்களது கதையை நாம் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

தம்பானையில் நடந்தது

வேடர் தம்மை "வன்னியல எத்தோ" என்று அழைப்பர். காட்டில் வாழும் மக்கள் என்பது அதன் பொருள். மகியங்கனைக்குக் கிழக்கே தம்பானை, அதற்குத் தெற்கே ரத்துகல, பொல்லேபெத்த ஆகிய ஊர்களைச் சூழ்ந்த காடுகளே அவர்களது வாழ்விடம். வேட்டை, தேன், கிழங்கு, சிறிதளவு சேனைப்பயிர் என்பனவே சீவியம்.

காட்டில் அலைந்து திரிபவர்களுக்கு எல்லை ஏது, உறுதி ஏது என்று எண்ணுவோர் இன்றும் உள்ளனர். ஆனால் 1911ஆம் ஆண்டு வேடரைப் பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்ட செலிக்மன் தம்பதியர் வேறுவிதமாக எழுதிவைத்துள்ளனர். ஒவ்வொரு குழுவுக்கும் அதனதன் வேட்டைநிலம் இருந்தது. மலையும் ஓடையும் எல்லைகளாக இருந்தன. ஒருவரது நிலத்தில் மற்றொருவர் வேட்டையாடினால் இறைச்சியில் ஒரு பங்கை நிலத்துக்குரியவருக்குக் கொடுப்பது வழக்கம். எழுத்தில் இல்லையே தவிர, காணிச்சட்டம் அவர்களிடமும் இருந்தது.

எழுத்தில் இருந்த சட்டமோ வேறு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடக்கும் நிலமெல்லாம், எதிர்மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியது என்று கொண்டது. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் தேவைப்பட்ட காலம் அது. நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உழுபவன் தலையில் விழுந்தது. உழாதவனுக்கு, அதாவது வேடனுக்கு, நிரூபிக்க எதுவுமே இருக்கவில்லை. பின்னர் 1907இல் காடுகள் பற்றிய கட்டளைச் சட்டமும் 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பறிக்க ஆகாபுக்குப் பொய்ச்சாட்சிகள் தேவைப்பட்டார்கள். இங்கு அந்தச் சிரமமும் இருக்கவில்லை.

சுதந்திரத்தின் பின்னரும் நிலை மாறவில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் சேனாநாயக்க சமுத்திரம் வேடரின் வேட்டைநிலங்களில் ஒரு பகுதியை மூழ்கடித்தது. அதன் பின் வந்தது துரித மகாவலித் திட்டம். மாதுறு ஓயாவுக்குக் குறுக்கே அணை கட்டப்பட்டது. காடுகள் வெட்டப்பட்டுக் குடியேற்றக் கிராமங்கள் எழுந்தன. இவ்வாறு அழிந்த காட்டுக்கு ஈடாகவும், நீரேந்து பகுதியைக் காக்கவும், 1983 நவம்பர் 9ஆம் திகதி 58,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட எஞ்சிய காடு மாதுறு ஓயா தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பூங்காச் சட்டப்படி அதற்குள் வேட்டையாடவோ தேன் எடுக்கவோ குடியிருக்கவோ முடியாது. ஒரு பக்கம் காட்டை வெட்டியது அரசு. மறுபக்கம் அதே அரசு எஞ்சியதைப் பூட்டியது. இரண்டு பக்கத்திலும் இடமில்லாமற் போனவர் வேடர்.

வேடர் குடும்பங்கள் ஹேனானிகல போன்ற மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. ஏனைய குடியேற்றவாசிகளைப் போலவே இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வளவும். எம்மவருக்கு இது நல்ல காணியாகத் தோன்றும். முகாமில் பத்துக்குப் பத்தடிக் கொட்டிலில் இருந்தவர்களுக்கு இரண்டரை ஏக்கர் வயல் பெரிய சொத்துத்தான். ஆனால் உழவு தெரியாதவனுக்கு வயல் கொடுப்பதும், கடல் தெரியாதவனுக்குத் தோணி கொடுப்பதும் ஒன்றே. விதைநெல்லுக்கும் உரத்துக்கும் கடன் வேண்டும். கடன் என்றால் முதலாளி. அப்பழக்கம் இல்லாதவர்கள் இலகுவில் சிக்கிக்கொண்டனர். கரையோர மீனவர்களை உள்நாட்டு முகாம்களில் வைத்திருந்த காலத்தில் அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

அப்போது வேடர் தலைவராக இருந்தவர் திசாஹாமி. அவரும் ஒரு சில குடும்பங்களும் தம்பானையை விட்டுச் செல்ல மறுத்துவிட்டனர். அவர்களது வீடுகள் பூங்காவின் விளிம்பில் நின்றன. உணவு பூங்காவுக்குள் இருந்தது. காட்டுக்குள் சென்றவர்கள் பிடிக்கப்பட்டு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த தொழில் ஒரு வர்த்தமானியால் குற்றமாகியது. அதேவேளை வெளியாரின் மரக்கடத்தல் நின்றபாடில்லை என்பது வேடரின் நீண்டகால முறைப்பாடு. திசாஹாமியின் மகன் வன்னிலா எத்தோ 1996இல் ஜெனீவாவுக்குச் சென்று, ஆதிக்குடிகள் பற்றிய ஐக்கிய நாடுகள் செயற்குழுவில் தம் மக்களின் நிலையை எடுத்துரைத்தார். திசாஹாமி 1998இல் காலமானார். மகனே இன்று தலைவர்.

இங்கு ஒரு விடயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. மாதுறு ஓயாவில் அணை கட்டச் சென்ற பொறியியலாளர்கள், தாம் தெரிந்தெடுத்த அதே இடத்தில் முன்னோர் கட்டிய பழைய அணையையும், செங்கல்லால் அமைந்த மதகையும் மண்ணுக்குள் கண்டனர். ஆதிகாலம் முதல் மனிதர் கை படாத காடு என்று நினைத்த இடத்தில் ஒரு காலத்தில் நீர்ப்பாசனம் நடந்திருக்கிறது. வன்னியில் காட்டுக்குள் கிடக்கும் உடைந்த குளக்கட்டுகளைக் கண்டவர்களுக்கு இது புதினமல்ல. எமது வரண்ட வலயத்தில் காடு வயலாகும், வயல் காடாகும். வரைபடத்தில் ஒரு நாள் பச்சை மை பூசிவிட்டு, இது என்றும் காடே என்று சொல்வது நிலத்தின் வரலாற்றை அறியாதவர் பேச்சு.

தமிழ் பேசும் வேடர்

வேடர் என்றால் தம்பானை மாத்திரம் என்று பலர் நினைக்கின்றனர். மூதூர், வெருகல், வாகரைப் பகுதிகளில் வாழும் கரையோர வேடர் தமிழ் பேசுபவர்கள். கடலிலும் களப்பிலும் மீன்பிடித்து, காட்டில் தேன் எடுத்து, சேனை செய்து வாழ்பவர்கள். 2004 சுனாமியில் பாதிக்கப்பட்டார்கள். 2006இல் போர் மீண்டும் மூண்டபோது எம்முடனேயே ஓடி, எம்முடனேயே முகாம்களில் இருந்தார்கள். நிவாரண அட்டையில் அவர்களுக்கெனத் தனிப் பெயர் இருக்கவில்லை. வரிசையில் எமக்குப் பின்னால் நின்றவர் வேடர் என்று எம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? அறிந்தவர்களில் சிலர் அவர்களைத் தாழ்வாக நடத்தியதும் உண்மை. இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

குடிசனமதிப்பும் அவர்களைக் கரைத்தது. 1911இல் ஏறக்குறைய 5,300 பேர் வேடராகப் பதியப்பட்டனர். 1946இல் 2,361 பேர். 1963இல் 400 பேர். அதற்குப் பின் அந்தப் பிரிவே எடுக்கப்பட்டுவிட்டது. அத்தனை பேரும் இறந்துவிடவில்லை. சிங்களவராகவும் தமிழராகவும் எழுதப்பட்டனர். இடாப்பில் இல்லாதவர் காணி கேட்டு எந்தக் கந்தோர் வாசலில் நிற்பது?

காலநிலையும் காடும்

உலகம் வெப்பமடைவதற்கு முதற் காரணம் நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பது. அதற்கு அடுத்தபடியாக வருவது காடழிப்பும் விவசாயமும் ஏனைய நிலப் பயன்பாடும். மனிதரால் வெளியாகும் வெப்பமூட்டும் வாயுக்களில் ஏறக்குறைய 23 வீதம் இவற்றிலிருந்து வருவதாகக் காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2019இல் கணித்தது. நிற்கும் மரம் தன் கட்டையிலும் வேரிலும் மண்ணிலும் கரியைப் பிடித்து வைத்திருக்கிறது. வெட்டி எரித்தால் அது புகையாக மேலே செல்கிறது.

விவசாயிக்குக் காட்டின் பயன் இதைவிட அருகில் இருக்கிறது. குளத்துக்கு மேலுள்ள காடு மழைநீரைத் தடுத்து, மெதுவாக இறக்கி, மண் வந்து குளத்தைத் தூர்க்காமல் காக்கிறது. 2016இல் மாரி மழை பிந்தியதும், 2017இல் கடந்த 40 வருடங்களில் காணாத வரட்சி என்று சொல்லப்பட்ட நிலை வந்ததும் எமக்கு நினைவிருக்கும். அந்தப் பெரும்போகத்தில் விதைத்ததைக்கூட எடுக்காதவர்கள் பலர். ஆகவே காடு வேண்டாம் என்று வாதிடுவதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. காடு நிச்சயம் வேண்டும். யார் காப்பது, யாரை வெளியே தள்ளிக் காப்பது என்பதே பிரச்சினை.

இதற்கு உலக அனுபவம் என்ன சொல்கிறது? ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பு 2021இல் இலத்தீன் அமெரிக்காவைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 300க்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அவ்வறிக்கை, ஆதிக்குடிகளின் காணியுரிமை ஏற்கப்பட்ட இடங்களில் காடழிவு மற்றைய இடங்களைவிடக் குறைவு என்று கண்டது. காட்டில் சீவிப்பவனுக்குக் காட்டில் அக்கறை இருக்கும், அவ்வளவுதான். அதே ஆண்டு கிளாஸ்கோவில் கூடிய காலநிலை மாநாட்டில், ஆதிக்குடிகளின் காணியுரிமைக்கும் வனப் பாதுகாப்புக்கும் 170 கோடி அமெரிக்க டொலர் தருவதாகப் பல அரசுகளும் நிதியங்களும் வாக்களித்தன. எமது திருச்சபையிலும் பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடல், ஆதிக்குடிகளின் நிலத்தைத் தொடும் திட்டங்களில் முதலில் கலந்து பேச வேண்டியவர்கள் அவர்களே என்று கூறுகிறது.

கென்யாவில் ஒரு வழக்கு நடந்தது. மாவ் என்னும் பெரிய மலைக்காட்டில் தேன் எடுத்து வாழ்பவர்கள் ஒகியெக் மக்கள். காட்டைக் காப்பதாகக் கூறி 2009இல் அவர்களை 30 நாட்களுக்குள் வெளியேறுமாறு அரசு அறிவித்தது. மனித உரிமைகளுக்கான ஆபிரிக்க நீதிமன்றம் 2017 மே 26இல் ஒகியெக் மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. காடு அழிந்ததற்கு அவர்கள் பொறுப்பல்லர், எனவே பாதுகாப்பு என்ற காரணம் வெளியேற்றத்தை நியாயப்படுத்தாது என்றது நீதிமன்றம். 2022இல் நட்டஈடு கொடுக்கவும் காணியை அவர்கள் பெயரில் எழுதவும் உத்தரவிட்டது. ஆனாலும் 2023 நவம்பரில் மீண்டும் வீடுகள் உடைக்கப்பட்டன. தீர்ப்பு வேறு, காணி கைக்கு வருவது வேறு. எமக்கும் தெரிந்ததே.

இலங்கையின் கணக்கு

இலங்கையின் காட்டுப் பரப்பு 1956இல் நாட்டின் நிலத்தில் சுமார் 44 வீதமாக இருந்தது. 2010ஆம் ஆண்டளவில் 30 வீதத்துக்குச் சற்றுக் கீழே. இதனை 2030இற்குள் 32 வீதமாக உயர்த்துவதாக இலங்கை அரசு உலக நாடுகளுக்கு 2021இல் வாக்களித்தது. நல்ல நோக்கம். கூடுதலான அந்த நிலம் எங்கிருந்து வரும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. தேயிலைத் தோட்டத்தை யாரும் காடாக்கப் போவதில்லை. கொழும்பைச் சுற்றியும் இடமில்லை. செய்மதி மேலிருந்து படம் எடுக்கும்போது, ஆட்கள் ஓடிப்போய் இருபது வருடம் பற்றை மூடிய கிராமமும் காடும் ஒரே பச்சையாகவே தெரியும். கிணற்றுக்கட்டு அதற்குத் தெரியாது.

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியில் இது நடந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். இருபது வருடங்களுக்குப் பின் அவர்கள் திரும்பத் தொடங்கிய காலத்தில், 2012இல், அப்பகுதிக் காடுகள் ஒதுக்குக்காடுகளாக வர்த்தமானியில் வெளியாகின. மரிச்சுக்கட்டி, கரடிக்குளி மக்கள் தமது பழைய நிலங்கள் அதற்குள் அகப்பட்டுவிட்டதாக முறையிட்டனர். 2017 மார்ச்சில் இவற்றையும் அயற்காடுகளையும் சேர்த்து மாவில்லு பேணற்காடு என்று மீண்டும் பிரகடனம் செய்யப்பட்டது. இதற்கிடையில் தெற்கிலே இம்மக்களைக் காடழிப்போர் என்று பத்திரிகைகள் எழுதின.

ஆனால் மறுபக்கமும் உண்டு. அதே பிரதேசத்தில் கல்லாற்றுக் காட்டில் மீள்குடியேற்றத்தின் பெயரால் காடு வெட்டியது சட்டவிரோதம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்து, மரம் நடும்படி உத்தரவிட்டது. அரசியல்வாதிகள் வழங்கும் புதுக்காடு வேறு, பாட்டன் உழுத பழங்காணி வேறு. இரண்டையும் நாமே கலந்து பேசினால் எமது உண்மையான உரிமையும் சந்தேகத்துக்குள்ளாகும். இடம்பெயர்ந்தவர் பெயரைச் சொல்லிக் காட்டுக்குள் புல்டோசர் இறக்கி, முதிரையையும் பாலையையும் ஏற்றிச் செல்லும் காசுக்காரர்களுக்கு எமது சங்கங்கள் இடங்கொடுக்கக்கூடாது.

வேடரின் அண்மைக்கால வழக்கும் இத்தகைய புல்டோசரைப் பற்றியதே. பொல்லேபெத்த, ரம்பகன் ஓயாப் பகுதியில் அவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய காடு, கம்பனிகளின் சோளச் செய்கைக்கெனத் துப்புரவாக்கப்பட்டது. இதை எதிர்த்து வன்னிலா எத்தோ 2020இல் சூழல் அமைப்பொன்றுடன் சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்தார். தேன் எடுக்கப் போனவரைப் பிடித்த நாட்டில், கம்பனியின் இயந்திரம் காட்டுக்குள் போவதை நிறுத்த வேடர் தலைவர் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது.

சேனையும் காட்டை எரிப்பதுதானே என்று சிலர் கேட்கலாம். பழைய சேனையில் ஒரு துண்டை வெட்டி, ஓரிரு போகம் குரக்கனும் சோளமும் இறுங்கும் போட்டு, பின் பத்து வருடங்களுக்கு மேல் விட்டுவிடுவார்கள். பெரிய மரங்களும் அடிவேர்களும் நிற்கும். காடு திரும்ப எழும். இயந்திரம் வேரோடு பிடுங்கிய நிலத்தில் அது நடக்காது. ஆனால் இன்று ஆட்கள் கூடி, நிலம் குறைந்து, மூன்று நான்கு வருடத்தில் அதே துண்டுக்குத் திரும்பி வருகிறார்கள். அந்தச் சேனை காட்டைத் தின்கிறது. வேடரிலும் பலர் இன்று சேனைக்காரர், கூலிக்காரர். உல்லாசப் பயணிகளுக்கு வில்லும் கோடரியும் காட்டிப் பிழைப்பவரும் உண்டு. அவர்கள் அனைவரும் காட்டின் காவலர்கள் என்று புகழ்ந்து எழுதுவது இலகு. அவர்கள் கேட்பது புகழை அல்ல, தேன் எடுக்கவும் மூலிகை எடுக்கவும் சட்டப்படி உள்ளே போகும் உரிமையை. 2007இல் ஐக்கிய நாடுகள் சபை ஆதிக்குடிகளின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது இலங்கையும் ஆதரவாக வாக்களித்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

காணி காட்டெல்லைக்குள் போனவர்களுக்கு

வேடரிடம் கடதாசி இருக்கவில்லை. எம்மிடம் ஓரளவாவது இருக்கிறது. அதைத் தேடி எடுப்பதே முதல் வேலை.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம் இருந்தால் மிக நல்லது. அது எரிந்தோ தொலைந்தோ போயிருந்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டைப் பார்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். வயலாயின் கமநல சேவை நிலையத்தின் இடாப்பில் பெயர் இருக்கலாம். ஏக்கர்வரிப் பற்றுச்சீட்டு, இடம்பெயர்வுக்கு முந்திய வாக்காளர் இடாப்பு, பாடசாலைச் சேர்வு இடாப்பு, பங்கின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் என்பனவும் அங்கே கிராமம் இருந்தது என்பதைக் காட்டும். பழைய நில அளவை வரைபடத்தில் குளத்தின் பெயரும் ஊரின் பெயரும் இருந்தால் அதன் பிரதியையும் எடுத்து வையுங்கள்.

நிலத்திலும் சாட்சிகள் உண்டு. கிணறு, வீட்டு அத்திவாரம், குளக்கட்டு, கோவில், சேமக்காலை, வரிசையாக நிற்கும் தென்னை, வளவுப் புளி, மா. காட்டில் தென்னை வரிசையாக முளைப்பதில்லை. இவற்றைக் கிராம சேவையாளருக்கும் வனவள உத்தியோகத்தருக்கும் ஒன்றாகக் காட்டி, பார்த்ததை எழுதிக் கையொப்பமிடச் செய்யுங்கள். அதற்கு முன் பற்றையை வெட்டவோ எரிக்கவோ வேண்டாம். வெட்டினால் வழக்கு உங்கள்மேல் திரும்பும், சாட்சியும் அழியும்.

தனித்தனியாக அலையாமல், கிராமமாகச் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகப் பிரதேச செயலாளருக்குக் கொடுத்து, பிரதியை மாவட்டச் செயலாளருக்கும் வனவளத் திணைக்களத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகமும், வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவும் உள்ளன. வாகரை, வெருகல், மூதூர்ப் பகுதிச் சங்கங்கள் விண்ணப்பம் எழுதும்போது, அதே காட்டில் தேனும் சேனையும் செய்த வேடர் குடும்பங்களின் பெயர்களையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்களிடம் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இராது. அவர்களுக்காக உங்கள் ஊரின் முதியவர் இருவர் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்கலாம்.

மூலப்பத்திரத்தை எவரிடமும் கொடுக்க வேண்டாம். போட்டோப்பிரதி போதும்.